முரோகியின் இருமல்

ஜூன் 3, செவ்வாய்

தொண்டை நன்றாக இருக்கிறது. காலையில் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்தேன், ஒரு துண்டு அதிமதுரம் மென்றேன். தயிரைத் தொடவில்லை. குரலை வைத்துப் பிழைப்பவன் தினமும் தொண்டையைப் பற்றி நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்பது என் பழக்கம். அதற்காகத்தான் இந்த டைரி.

நாலாம் பாகத்தின் டப்பிங் இன்று தொடங்கியது. இதுதான் கடைசி என்று ஜப்பான்காரர்கள் அறிவித்துவிட்டார்களாம். முதலில் படக்கதைப் புத்தகம், அப்புறம் தொடர், நடுவே இரண்டு சினிமா, பொம்மை, பனியன், தொப்பி என்று உலகம் முழுக்கப் பரவிய சங்கதி. கார்ட்டூன் என்று சொன்னால் என் மகள் சிந்துஜா அடிக்க வருவாள். அனிமே என்று சொல்ல வேண்டுமாம்.

கதாநாயகன் பெயர் முரோகி. ஊர் ஊராக அலையும் வாள்வீரன். தலையில் வைக்கோல் தொப்பி, இடுப்பின் ஒரு பக்கம் வாள், மறுபக்கம் கயிற்றில் கட்டிய மரக் கிண்ணம். எந்த வீட்டில் சாப்பாடு போட்டாலும் அந்தக் கிண்ணத்தில்தான் வாங்கிச் சாப்பிடுவான். எந்த வீட்டிலும் உள்ளே படுக்க மாட்டான். "நான் வெளியே படுத்துக்கொள்கிறேன்" என்பான். அந்த ஒரு வரியை நம் ஊர்ப் பிள்ளைகள் என் குரலில் சொல்லித் திரிகிறார்கள். முரோகிக்கு முகம் கொடுத்தவர் யாரோ ஜப்பான்காரர். தமிழில் அவனுக்கு மூச்சு கொடுத்தது தணிகாசலம் ஆகிய நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

முதல் மூன்று பாகங்களில் ஒரு தும்மல்கூடப் போடாத மனிதன் இந்தப் பாகத்தில் இருமுகிறான். என்ன வியாதி என்று சேஷாத்ரியிடம் கேட்டேன். தமிழ் வசனம் எழுதி, டப்பிங்கையும் நடத்துகிறவர் அவர். கதையை வெளியே சொல்ல மாட்டோம் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் வேலையும் அப்படித்தான். நான் பேச வேண்டிய துண்டுகள் மட்டும் முன்பின்னாகத் திரையில் ஓடும், வாயசைவுக்குப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவேன். முழுக் கதை ஊரோடு சேர்ந்துதான் எனக்கும் தெரியும்.

"நீங்க இருமுங்க சார். அவன் ஏன் இருமுறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் சேஷாத்ரி.

ஜூன் 7, சனி

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். இருமுவது லேசான காரியமில்லை. தொண்டையில் இருமினால் ஸ்கூலுக்கு மட்டம் போடும் பையனுடைய இருமல் வரும். நெஞ்சின் அடியிலிருந்து வர வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அரை மணி நேரம் இருமினேன். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் வந்து கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்லைங்க, அவருக்கு ரிகர்சல்" என்று என் மனைவி வசுமதி சிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் பாப்பா என் மார்பில். சிந்துஜா தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. எங்கள் பேத்திக்கு என்னென்னவோ பெயர் வைத்தார்கள், எனக்கு அவள் பாப்பா. யார் தூக்கினாலும் அழுது ஊரைக் கூட்டுகிறவள், நான் மார்பில் போட்டுக்கொண்டு முரோகி குரலில் தாழ்வாகப் பேசினால் அடங்கிவிடுவாள். காதோரமாகப் பேச வேண்டும், அதுதான் சூட்சுமம். இன்று அவளுக்கு மின்சாரக் கட்டண விவரத்தை முரோகி குரலில் சொன்னேன். பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

இருமல் பிரமாதமாக வருகிறது என்று டைட்டஸ் சொன்னான். எங்கள் சவுண்ட் இன்ஜினியர். கஞ்சப்பயல், யாரையும் சுலபத்தில் பாராட்ட மாட்டான். நான் இருமிய இருமல்களையெல்லாம் தனியே எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். எங்காவது ஒரு முனகல், ஒரு மூச்சு தேவைப்பட்டால் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டுவது எங்கள் வழக்கம்.

ஒரு காட்சியில் முரோகி முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். வசனம் கிடையாது. எனக்குத் தொண்டை அரித்தது, இருமிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குள் சேஷாத்ரி வெளியிலிருந்து கையை உயர்த்தினார். "அது இருக்கட்டும்" என்றார். முதுகு தெரியும் காட்சியில் வாயசைவு இல்லை, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இனி முதுகு திரும்பும்போதெல்லாம் ஒரு இருமல் வைக்கலாம் என்று அவருக்கு யோசனை வந்துவிட்டது. தமிழ் முரோகி ஜப்பான் முரோகியைவிடக் கூடுதலாக இருமப் போகிறான்.

ஜூன் 19, வியாழன்

மாப்பிள்ளை ஓசூரிலிருந்து பேசினார். மூன்று மாதம் முடிந்துவிட்டது, ஆனி மாதத்திலேயே வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். அவர் கேட்பது நியாயம்தான். நான் நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சிந்துஜாவுக்குக் கிளம்ப ஆசை. முகத்திலேயே தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

காலையிலிருந்து இருமல் காட்சிகள்தான். குரல் கொஞ்சம் கட்டியிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

நாலாம் பாகத்தின் முதல் அத்தியாயம் சனிக்கிழமை வந்தது. இணையத்தில் ரசிகர்கள் எழுதியதைச் சிந்துஜா வாசித்துக் காட்டினாள். "தமிழ் முரோகி இருமும்போது எனக்கே நெஞ்சு வலிக்கிறது" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். ஜப்பானிய மூலத்தைவிடத் தமிழில் நன்றாக இருக்கிறது என்று இன்னொருவன். எல்லாவற்றையும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னேன். வசுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் உடம்பு கொஞ்சம் சுடுகிறது. ரெக்கார்டிங் அறையின் ஏசியை அவர்கள் பதினெட்டில் வைக்கிறார்கள், வெளியே வந்தால் வெயில். சுடாமல் என்ன செய்யும். சட்டையெல்லாம் லூசாகிவிட்டது. தயிர், எண்ணெய் இரண்டையும் விட்டதன் பலன். இந்த வயதில் இடுப்பு இறங்குவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வசுமதி கற்பூரவல்லிக் கஷாயம் போட்டுத் தருகிறாள். "இருமுறது உங்க வேலை, சரி. ஞாயித்துக்கிழமைகூட எதுக்கு இருமுறீங்க?" என்று கேட்டாள். கதாபாத்திரத்திலிருந்து வெளியே வர நேரமாகும் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ. நேற்று மாதுளம்பழம் சாப்பிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினேன். ஆனி முடிவதற்குள் இருக்கும் ஒரே நல்ல நாளில் அவருக்கு ஃபேக்டரியில் டூட்டி. அதற்குப் பிறகு ஆடி பிறந்துவிடும். கைக்குழந்தையோடு ஆடியில் புறப்பட வேண்டாம், ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் வாருங்கள், நானே கொண்டுவந்து விட்டாலும் விடுகிறேன் என்றேன். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மாமனாரிடம் எதிர்த்துப் பேச மாட்டார், தங்கமான பிள்ளை. சரி மாமா என்றார்.

எனக்கும் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பாப்பா இன்னும் ஆறு வாரம் இருப்பாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஜூலை 9, புதன்

துணி துவைக்கும்போது வசுமதி கைக்குட்டையைப் பார்த்திருக்கிறாள். வெற்றிலை போட்டேன் என்றேன். நான் வெற்றிலையை விட்டு எத்தனையோ வருஷமாகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் கைக்குட்டையைத் தனியாக ஊற வைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

இன்று ரோஸ்லினோடு சண்டை. எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் மனதில் வைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது.

முரோகியோடு கொமே என்றொரு அநாதைப் பையன் சுற்றுகிறான் அல்லவா, அவனுக்குப் பேசுகிறவள் ரோஸ்லின். சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் பேசுவார்கள். இருபது வருஷமாக என்னோடு ஒரே மைக் முன்னால் நின்று பேசிய பெண், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். இன்று இருவருக்கும் சேர்ந்த காட்சி. நடுவில் எனக்கு இருமல் வந்தது. அது அடங்கக் கொஞ்சம் நேரமானது. சேஷாத்ரி, டைட்டஸ் எல்லாரும் வெளியே கைதட்டினார்கள். அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இவள் என் பக்கத்தில் நின்றாள். மைக்கை மூடிக்கொண்டு தாழ்வாகச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க நடிக்கல. எனக்குத் தெரியும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. வீட்ல பச்சக் குழந்தை இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நடிப்பு என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பையன் குரலைத் தவிர வேறு வேஷம் கிடைக்காத பொறாமை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வெளியே போனாள்.

எக்ஸ்ரே எடுத்தால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். ஏதாவது வந்தால் ஓய்வெடு என்பார்கள். நாலாம் பாகத்தின் நடுவில் முரோகிக்கு வேறு குரலா? பாகம் முடியட்டும், அப்புறம் ஒரு எக்ஸ்ரே என்ன, ஒன்பது எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. வசுமதி தேங்காய்ப்பால் செய்தாள். எனக்கு ருசி தெரியவில்லை.

ரோஸ்லின் இனிமேல் காலையில் தனியாகப் பேசிவிட்டுப் போவாளாம், நான் மத்தியானம் வந்தால் போதுமாம். டைட்டஸ்தான் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். நான் பேசி முடித்ததும் ரெக்கார்டிங் அறையின் கனமான கதவைத் திறந்து நாற்காலியை முட்டுக் கொடுத்து வைக்கிறான். ஏண்டா என்றால், "ரூம் கொஞ்சம் ஆறட்டும் சார்" என்கிறான்.

ஒரு நல்ல செய்தி. கம்பெனிக்காரர்கள் முரோகியின் கிண்ணத்தைப் பொம்மையாகச் செய்து விற்கிறார்களாம், அதில் ஒன்றை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அசல் மரம், நீலக் கயிறு. அந்தக் கிண்ணம் முரோகியின் இறந்துபோன மனைவி கொடுத்தது என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நான் கஷாயத்தை இனி இதில்தான் குடிப்பேன் என்று அறிவித்தேன். பாப்பாவுக்கும் கிண்ணத்தின் மேல் கண். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிற பருவம். பல் இல்லாத ஈறால் விளிம்பைக் கடித்து எச்சில் பண்ணிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். சிந்துஜா படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள்.

ஜூலை 21, திங்கள்

விடியும்போது பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கரண்ட் போகவில்லை. மின்விசிறி நன்றாகத்தான் சுற்றியது.

ஜூலை 24, வியாழன்

மாடி ஏறியதும் மூச்சு வாங்குகிறது. டைரியில் எழுத வேறொன்றும் இல்லை. பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 26, சனி

டைட்டஸ் இன்று ஒரு காட்சியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். முரோகி ஆற்றங்கரையில் முகம் கழுவுகிறான், அங்கே ஒரு இருமல் தேவை. நான் களைத்திருந்தேன். பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் போடேன், ஜூன் மாதம்தான் மூட்டை மூட்டையாக இருமியிருக்கிறேனே என்றேன்.

ஜூன் இருமலை எடுத்து வைத்தான். ஒட்டவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று மாற்றிப் பார்த்தான். முன்னாலும் பின்னாலும் இந்த மாதத்து இருமல், நடுவில் ஜூன். எனக்கே காது கூசியது. ஏதோ நாடகக் கொட்டகையில் இருமுகிற மாதிரி இருந்தது.

"ஜூன்ல எடுத்தது எதுவுமே செட் ஆவல சார்" என்றான் டைட்டஸ். "அதெல்லாம் நடிப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஒரு மாதத்தில் ஒரு கலைஞன் தேறக் கூடாதா? இதையே வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று பேச முடியவில்லை.

முரோகி ஒரு வீட்டுக்கு வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறான். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து கொமே கேட்கிறான். ரோஸ்லின் காலையிலேயே பேசி வைத்துவிட்டுப் போன குரல் என் ஹெட்ஃபோனில் வந்தது. "ஏன் எந்த வீட்டுக்குள்ளும் வர மாட்டேன் என்கிறீர்கள்? யாருக்குப் பயம்?" என்கிறாள். நான் பதில் சொல்ல வேண்டும். ஸ்டாண்டில் வசனத் தாள் இருந்தது. நிற்காமல் ஓடும் நீளமான காட்சி. முன்பே ஒரு தடவை வாசித்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, தாளைப் பார்த்ததும் பேசுகிறவன் என்று பெருமை வேறு.

பேசினேன். முன்பொரு குளிர்காலத்தில் முரோகி ஒரு மலைக் கிராமத்துக்குப் போகிறான். ஒரே ஒரு இரவுதான் தங்க நினைக்கிறான். பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொள்கிறது. பனி உருகும் வரை இருங்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். அவனுக்கும் போக மனமில்லை. அப்போதே அவனுக்கு நெஞ்சில் நோய் இருக்கிறது, வெளியே தெரியாத நோய். அது தொற்றும் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அதனால் கிண்ணத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்கிறான். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. சாயங்காலமானால் மடியில் ஏறி உட்கார்ந்து கதை கேட்கும்.

அடுத்த வரி: "பனி உருகியபோது கதவைத் திறக்க அந்த வீட்டில் யாரும் இல்லை, கொமே. நான் எதிரிகளுக்குப் பயந்து அலையவில்லை. என்னை உள்ளே அழைக்கிறவர்களுக்குப் பயந்து அலைகிறேன்."

திரையில் முரோகியின் வாய் அசைந்து முடிந்தது. என் குரல் வரவில்லை. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் வரவில்லை. சேஷாத்ரி உள்ளே வந்தார். மூன்று பாகமாக அந்த வெளியே படுக்கும் வரியை நீங்கள் கர்வமாகச் சொன்னீர்கள், நானும் விட்டுவிட்டேன், ரசிகர்களுக்கு அந்த எண்ணம் இப்போது உடைய வேண்டும், கர்வம் இல்லாமல் சொல்லுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை. கதையைச் சொல்லியிருந்தால் நான் முதலிலிருந்தே வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று அவரிடம் கத்த நினைத்தேன். இருமல்தான் வந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு என்று ஏறினேன், வழியில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். நாளைக் காலை சளி கொண்டுவர ஒரு டப்பா கொடுத்தார்கள்.

ஜூலை 30, புதன்

டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். ரிசல்ட் வரட்டும். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு எல்லாரையும் கலக்க வேண்டும்?

சாயங்காலம் பாப்பா அழுதாள். எனக்குத் தலைவலி என்று அறைக்குள் படுத்துக்கொண்டேன். சிந்துஜா பாடிப் பார்த்தாள், வசுமதி தோளில் போட்டு நடந்து பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. கடைசியில் வசுமதியே கொண்டுவந்து என் மார்பில் போட்டுவிட்டாள். "உங்க குரல்தான் வேணுமாம் மகாராணிக்கு" என்றாள்.

ஒரே ஒரு நிமிஷம்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காசநோய். சளியில் கிருமி இருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண், சிந்துஜா வயதுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றாள். அதெல்லாம் என் காதில் சரியாக ஏறவில்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள்.

கிண்ணத்தைக் குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சொன்னேன். எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"கிண்ணத்துல ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றாள். "மூச்சுலதான் இருக்கு. மூடின ரூம்ல பக்கத்துல இருந்து இருமினா, பாடினா பரவும். கிட்டக்க வெச்சுப் பேசினாலும்தான்."

பேசினால் என்று அவள் சொன்னதும் எனக்கு அந்த மின்சாரக் கட்டண விவரம் ஞாபகம் வந்தது.

பிறந்தபோது போட்ட ஊசி ஓரளவு காப்பாற்றும், ஆனாலும் கைக்குழந்தை, உடனே பார்த்துவிட வேண்டும் என்றாள். வீட்டில் எல்லாரும் வர வேண்டும். என்னோடு வேலை செய்பவர்களும்.

வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னேன். வசுமதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் ரிகர்சல்னு சொன்னேனே நானு" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிந்துஜா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹாலின் கடைசி மூலைக்குப் போய்விட்டாள். என் மகள் என்னைப் பார்த்துப் பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அவள் அழவில்லை.

"ஆடி ஆடின்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

மொட்டைமாடியில் பழைய சாமான் போடும் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் பெரியது. "நான் வெளிய படுத்துக்கறேன்" என்றேன். நடிப்பே இல்லாமல் வந்தது. சேஷாத்ரி கேட்டது இதைத்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. முன்பே சொல்லிவிட்டார்கள், அதனால் பயமில்லை. தட்டை வசுமதி மாடிப்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிகிறது. அவளுக்கும் சிந்துஜாவுக்கும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது.

ரோஸ்லின் போன் செய்தாள். அவளுக்கும் ஒன்றுமில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்கண்ணே, பாப்பா எப்படி இருக்கு?" என்றாள்.

பாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு வயிற்றிலிருந்தும் எடுத்தார்களாம், அவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாதல்லவா. பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளை வந்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். எக்ஸ்ரேயில் சந்தேகமாக எதுவும் இல்லை என்கிறார்கள், மற்றது திங்கட்கிழமை தெரியும். அதுவரை பால் குடிக்கிறாளா, காய்ச்சல் இருக்கிறதா, இருமுகிறாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருமினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள்.

டைட்டஸும் பேசினான். கடைசி அத்தியாயத்தில் முரோகி முதுகைக் காட்டிக்கொண்டு போகும் காட்சியில் அந்தப் பழைய வரி மறுபடி வருகிறதாம். நான் வர முடியாததால் முதல் பாகத்திலிருந்து என் குரலையே எடுத்து வைத்துவிட்டார்கள். மலைக் கிராமத்துக் காட்சி மட்டும் நிற்கிறது, எப்போது குணமானாலும் வாருங்கள், காத்திருக்கிறோம் என்றான். வேறு ஆளை வைத்து முடித்துவிடச் சொன்னேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

திங்கட்கிழமைக்கு இன்னும் நாளை ஒரு நாள் இருக்கிறது.

மத்தியானம் பாப்பா அழ ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு மாடிப்படி நேரே ஹாலுக்கு இறங்குகிறது, கீழே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். முதலில் சிந்துஜா, பிறகு மாப்பிள்ளை, பிறகு வசுமதி. யாராலும் அடக்க முடியவில்லை. நான் படியின் மேல்முனைக்கு வந்து உட்கார்ந்தேன். அங்கிருந்தே முரோகி குரலில் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

வசுமதிக்கு ஒரு யோசனை வந்தது. டிவியைப் போட்டாள். முதல் பாகத்தின் ஆரம்ப இசை கேட்டது. அப்புறம் என் குரல். ஐந்து வருஷத்துக்கு முந்தைய குரல், என்ன கனம், என்ன கம்பீரம். அதில் மூச்சு கிடையாது, யாருக்கும் எதுவும் ஆகாது. பாப்பாவின் அழுகை கேவலாகி, கேவல் விம்மலாகி, நின்றுவிட்டது. வசுமதி படியடிக்கு வந்து மேலே பார்த்துத் தலையை ஆட்டினாள். இந்த ஒரு வாரத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முரோகி ஒரு விவசாயி வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே வரச் சொல்கிறார்கள். அவன் வெளியே படுத்துக்கொள்கிறேன் என்கிறான். அப்போது ஒரு இருமல் கேட்டது. சின்னதாக, காய்ந்த மாதிரி. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

டிவியில்தான் என்று நினைத்தேன். விவசாயியாக இருக்கும், அவன் மனைவியாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் காட்சியில் முரோகியைத் தவிர எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். முதல் பாகத்தில் முரோகி எங்கேயும் இருமுவதில்லை. எனக்குத் தெரியாதா, நான்தானே பேசினேன்.

கீழே யாரோ டிவியை நிறுத்தினார்கள். மறுபடியும் கேட்டது.